பி.டி. பீரியடைக் கடன் கேட்காதீங்க! - பள்ளிப் பிள்ளைகள் ஆடுவது எது, ஆசைப்படுவது எது?

மதியம் கடைசி பீரியட். டைம்டேபிளில் 'பி.டி.' என்று போட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் பையை மூடி வைத்துவிட்டு, பெஞ்ச் நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் கணக்கு டீச்சர் வந்து நிற்கிறார். கையில் சாக்பீஸ். "போர்ஷன் முடிக்கணும்ல... நோட்டை எடுங்க!" வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். அப்பா காலத்திலும் நடந்தது, மகள் காலத்திலும் நடக்கிறது.

இதே பிள்ளைகளிடம் "உனக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், பதில் சட்டென்று வந்துவிடும். "உன் ஸ்கூல்ல இல்லாத எந்த விளையாட்டு வந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். காரணம் எளிது. முதல் கேள்வியை மாமா, சித்தப்பா என எல்லோரும் கேட்டிருப்பார்கள். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிடித்தது எது?

பையன்களிடம் கேட்டால் முதல் பதில் கிரிக்கெட். டிவி, ஐ.பி.எல்., தெருமுனை டென்னிஸ் பால் மேட்ச் என்று மூன்று பக்கமும் அதுதான் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், இந்திய அணி வரை போன கதை ஒவ்வொரு கிராமத்துப் பையனுக்கும் மனப்பாடம்.

ஆனால், பள்ளி மைதானத்துக்குள் வந்தால் காட்சி மாறுகிறது. அங்கே வாலிபால், கபடி, கோ-கோ, பூப்பந்து, எறிபந்து, வளையப்பந்து ஆகியவைதான் அதிகம். இதில் பிள்ளைகளின் விருப்பத்தைவிட இடத்தின் கணக்குக்குத்தான் பங்கு அதிகம். வாலிபால் கோர்ட்டுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். பெண்கள் கபடிக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர். கோ-கோவுக்கு இரண்டு கம்பமும், சுண்ணாம்புக் கோடும், ஓடுவதற்குத் தெம்பும் இருந்தால் சரி. கால்பந்து மைதானத்துக்கோ சுமார் 100 மீட்டர் நீளம் வேண்டும். நகரத்துப் பள்ளிகள் பலவற்றில் அவ்வளவு நீளத்துக்குக் காம்பவுண்டு சுவரே கிடையாது.

பிள்ளைகளின் 'ஃபேவரைட்' பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. எது இருக்கிறதோ அதை ஆடுகிறார்கள். ஆடியது பிடித்துப் போகிறது. அதில் தவறில்லை. அப்படி ஆடியவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சென்னை கண்ணகி நகரில் கபடி ஆடிப் பழகிய கார்த்திகா, 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். அதே ஆண்டு ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில், ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவே ஜெயித்தது. 'கிராமத்து விளையாட்டு' என்று ஓரமாக வைத்திருந்த இரண்டுக்கும் இப்போது பிள்ளைகளிடம் தனி மவுசு.

ஊர் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு

சில ஊர்களில் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. கோவில்பட்டிப் பையன்கள் கிரிக்கெட் பேட்டைத் தொடும் முன்பே ஹாக்கி மட்டையைத் தொட்டிருப்பார்கள். அந்த ஊருக்கு 'ஹாக்கிப்பட்டி' என்றே பட்டப்பெயர் உண்டு. கன்னியாகுமரி கடற்கரைக் கிராமங்களில் மணலில் பந்து உருளாத சாயங்காலம் இல்லை. வடசென்னையில் கேரம், குத்துச்சண்டை, கால்பந்து மூன்றும் தெருவோடு கலந்தவை. ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியது அந்த வடசென்னைக்குத்தான்.

இந்த ஊர்களில் எல்லாம் ஒரு ஒற்றுமை இருக்கிறது. ஆடுவதைப் பார்த்து வளர்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறார். சாயங்காலம் ஆனால் ஆட ஓர் இடம் இருக்கிறது. பார்க்க, பழக, ஆட என்று இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எந்த விளையாட்டும் அந்த ஊரின் விளையாட்டாகிவிடும். அப்படி ஓர் ஊரில் பிறக்காத பிள்ளைக்கு இந்த மூன்றையும் தரக்கூடிய ஒரே இடம், பள்ளிக்கூடம்தான்.

ஆசைப்படுவது எது?

இனி இரண்டாவது கேள்வி. பள்ளியில் என்ன விளையாட்டு வேண்டும்?

நீச்சல் என்பது பலர் மனதில் இருக்கும் ஆசை. இதை வசதியான வீட்டுப் பிள்ளைகளின் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஏரியிலும் கிணற்றிலும் குளிக்கப் போன பிள்ளைகளைப் பற்றி என்ன செய்தி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நீச்சல் தெரிவது விளையாட்டு மட்டுமல்ல, உயிர்காக்கும் பாடமும்கூட. ஒவ்வொரு பள்ளியிலும் குளம் கட்ட முடியாது, சரி. மாவட்டத்தில் இருக்கும் நீச்சல்குளத்துக்குக் கோடையில் பத்து நாள் அழைத்துப்போக முடியும்.

அடுத்து சிலம்பம். தாத்தா காலத்துக் கம்பு, பேரன் பேத்திகளுக்கு மறுபடி பிடித்துப்போயிருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அரசு வேலைக்கான 3 சதவிகித விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அதற்கு இடம் உண்டு. ஒரு கம்பும் ஓர் ஆசானும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதால், பள்ளிகளுக்கும் இது சுலபம்.

செஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளிக்குப் பள்ளி போட்டி நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனதும், சாப்பாட்டு இடைவேளையில் போர்டு விரிப்பவர்கள் அதிகமானார்கள். மழைக்காலத்தில் மைதானம் சேறானாலும் இதை ஆடலாம் என்பது கூடுதல் வசதி.

பேட்மின்டன், வில்வித்தை, ஸ்கேட்டிங், குத்துச்சண்டை என்று பட்டியல் நீளும். போனில் பார்த்த விளையாட்டுகள் எல்லாம் இதில் வரும். பெரியவர்கள் சிரிக்கலாம். ஆனால், சிரிப்பதற்கு முன் ஒரு கதையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருந்த விளையாட்டு

2004-ம் ஆண்டு. சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஒரு சிறுமி படித்த பள்ளியில், விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை பேர்தான் என்று கணக்கு. அந்தச் சிறுமியின் முறை வரும்போது மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு மட்டும். பெயர்கூடப் புதிது. சரி என்று சேர்ந்தார். ஆரம்பத்தில் பழகியது மூங்கில் குச்சியில்.

அந்தச் சிறுமிதான் பவானி தேவி. டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர். 2023-ல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியில் பதக்கம் வென்ற முதல் இந்தியரும் அவர்தான்.

அந்தப் பள்ளியின் பட்டியலில் வாள்வீச்சு என்ற ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால்? பவானி தேவிக்கு அப்படி ஓர் ஆசையே வந்திருக்காது. ஆசைப்படுவதற்கும்கூட முதலில் கண்ணில் பட வேண்டும். பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பட்டியல் எவ்வளவு நீளமோ, பிள்ளைகளின் ஆசையும் அவ்வளவு நீளம்.

பள்ளிகளுக்கான போட்டிகளில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே நீளமாகத்தான் இருக்கிறது. குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் குழு விளையாட்டும் தடகளமும் மட்டும் இல்லை. சிலம்பம், ஜூடோ, வாள்வீச்சு, கேரம் எல்லாம் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்கு என்றே தனிப் பிரிவு உண்டு. பல பள்ளிகளில் இந்தச் சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டு, யாரும் படிக்காமலே கிழிந்துபோகிறது.

எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போகிறார்கள்?

மாணவிகளிடம் பேச்சுக் கொடுத்தால், விளையாட்டின் பெயருக்கு முன்பே வேறு விஷயங்கள் வந்து விழும். "கிரவுண்ட் பாய்ஸ்கிட்டதான் இருக்கும்", "சுடிதார்ல எப்படி ஓடுறது", "வீட்ல கறுத்துடுவேன்னு சொல்றாங்க" என்பவை எந்தப் பள்ளியிலும் கேட்கக்கூடிய வாசகங்கள்.

ஆறாம் வகுப்பில் பையன்களோடு சமமாக ஓடிய பெண், ஒன்பதாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்து பை காவல் காக்கிறாள். இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு விளையாட்டின் மீதிருந்த ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. மாதவிடாய் நாள்களில் என்ன செய்வது என்ற பயம், உடை மாற்ற ஓர் அறை இல்லாதது, பார்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் அவளை உட்கார வைக்கின்றன.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடி ஆட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து, 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவிகிதம் பேர் அந்த அளவை எட்டவில்லை என்றது அது. மாணவர்களில் 78 சதவிகிதம், மாணவிகளில் 85 சதவிகிதம்.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. மணிப்பூரின் கோட்டை என்று சொல்லப்படும் தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில், 2018-ல் அந்த மணிப்பூரையே வீழ்த்திக் கோப்பையை வென்றது தமிழ்நாடு. 2023-லும் மறுபடி வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் போன்ற வீராங்கனைகள் இந்திய அணிக்கும் ஆடினார்கள். பெண்கள் பள்ளிகளில் 'கால்பந்து வேண்டும்' என்ற குரல் கேட்டால், அதை ஆச்சர்யமாகப் பார்க்கத் தேவையில்லை.

டீமில் இல்லாதவர்களின் ஆசை

கேட்கப்படாத இன்னொரு கூட்டமும் உண்டு. நாற்பது பேர் வகுப்பில் ஸ்கூல் டீமுக்குப் போகிறவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களின் விருப்பம் ரொம்பச் சின்னது. ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆட விட்டால் போதும்.

குண்டாக இருப்பவன், மூச்சு வாங்குபவள், கேட்ச் விட்டால் கேலிக்கு ஆளாகிறவன், காலில் குறைபாடு உள்ளவன் என இவர்கள் எல்லோரும் டீம் பிரிக்கும்போது கடைசியில் நிற்கிறவர்கள். 'நீ ஸ்கோர் எழுது' என்று ஒதுக்கப்படுகிறவர்கள். பி.டி. பீரியட் மிக அதிகமாகத் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பஸ் விபத்தில் வலது காலில் பாதிப்புக்குள்ளான ஒரு சிறுவனும் பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தான். 'நீ ஓரமா உட்கார்' என்று சொல்லாமல், 'உயரம் தாண்டிப் பார்' என்று ஊக்கம் கொடுத்தவர் அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் அந்தச் சிறுவன், மாரியப்பன் தங்கவேலுவாகத் தங்கத்தோடு நின்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்.

எல்லோரும் மாரியப்பன் ஆக மாட்டார்கள். ஆனால், ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்து 'நீ இதை முயற்சி பண்ணு' என்று சொல்ல ஒருவர் வேண்டும். சில நூறு பேர் படிக்கும் பள்ளியில் ஒரே ஒரு பி.டி. சார் என்றால், அவர் காலை அசெம்பிளியைப் பார்ப்பாரா, ஒழுங்கைப் பார்ப்பாரா, டீமைப் பார்ப்பாரா, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பாரா?

'விளையாண்டா மார்க் வருமா?'

பெற்றோரின் கேள்வி இதுதான். பத்தாம் வகுப்புக்குப் போனதும் ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. பிளஸ் டூ முடிந்து எடுக்கும்போது கால் அதற்குள் நுழைவதில்லை. அவர்களைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. ஒரு மார்க்கில் கல்லூரி சீட்டே மாறிப்போகும் ஊர் இது.

ஆனால், சில தகவல்கள் அவர்கள் காதுக்கு எட்டுவதே இல்லை. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேர்ந்தால் தங்குமிடம், உணவு, பயிற்சியோடு படிக்கலாம். இவை எல்லாம் சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு.

சான்றிதழ் வாங்காத பிள்ளைக்கும் லாபம் உண்டு. ஒரு மணி நேரம் வியர்க்க ஆடிய பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்குகிறது, போனைக் கீழே வைக்கிறது, தோற்றாலும் மறுநாள் வந்து நிற்கப் பழகுகிறது. பொதுத்தேர்வுக்கு முந்தைய ராத்திரி இந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்பது, பதறிப்போன பிள்ளையைச் சமாதானப்படுத்திய அம்மாக்களுக்குத் தெரியும்.

2023-ல் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின், கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வேண்டாம் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். முடிந்தால் உங்கள் பீரியடை விளையாட்டுக்குக் கொடுங்கள் என்றும் சொன்னார். சோஷியல் மீடியாவில் அந்த வீடியோவைப் பரப்பிக் கொண்டாடியவர்கள் மாணவர்கள்தான்.

காசில்லாமல் தொடங்கலாம்

இதற்கெல்லாம் ஸ்டேடியம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் இந்த வருடமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

* ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு. 'இப்போ என்ன ஆடுற? என்ன ஆட ஆசை? ஆடாததுக்கு என்ன காரணம்?' என்று மூன்று கேள்விகள். பெயர் எழுத வேண்டாம். மூன்றாவது பதில்தான் தலைமை ஆசிரியருக்கு மிக முக்கியமாக இருக்கும்.

* வாரத்தில் இரண்டு நாள் மைதானம் மாணவிகளுக்கு மட்டும். அன்றைக்கு டிராக் பேன்ட் போட்டு வர அனுமதி.

* மாதம் ஒரு புது விளையாட்டு. ஊரில் சிலம்ப ஆசான் இருப்பார், முன்னாள் கபடி வீரர் இருப்பார், செஸ் ஆடும் அக்கா இருப்பார். ஒரு சனிக்கிழமை அழைத்தால் வருவார்கள்.

* டீமுக்குத் தேர்வாகாதவர்களுக்கு வகுப்புகளுக்கு இடையே போட்டி. எல்லோரும் கட்டாயம் இறங்கி ஆட வேண்டும் என்பது மட்டுமே விதி.

* பத்தாம் வகுப்பு, பிளஸ் டூவுக்கும் வாரம் ஒரு பீரியடாவது யாரும் தொடாத பி.டி.

பெற்றோருக்கு இன்னும் சுலபம். பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங் நடக்கும்போது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போன வாரம் பி.டி. பீரியட் நடந்ததா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். நாலு பெற்றோர் கேட்டால், அடுத்த வாரம் கணக்கு டீச்சர் வாசலில் கொஞ்சம் தயங்குவார்.

இன்றைக்குச் சாயங்காலம் பிள்ளை பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும். 'ஹோம்வொர்க் என்ன?' என்று கேட்பதற்கு முன்னால், 'இன்னிக்கு என்ன விளையாண்ட?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலாக ஒரு விளையாட்டின் பெயர் வந்தால் சந்தோஷம். 'மேத்ஸ் மிஸ் வந்துட்டாங்க' என்று வந்தால், பேரன்ட்ஸ் மீட்டிங் எப்போது என்று டைரியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.